கண்ணாடித் தொட்டியில் பாகப் பிரிவினை

அண்ணன் தம்பிச் சண்டை நமக்குப் புதிதல்ல. வரப்புத் தகராறு, கிணற்றுத் தகராறு, பொதுச் சுவரில் ஆணி அடித்த தகராறு, செத்துப்போன தாயாரின் ஒட்டியாணத் தகராறு என்று எத்தனையோ பார்த்தாகிவிட்டது. அவற்றில் சிலவற்றைக் கதையாக எழுதி நான் காசுகூட வாங்கியிருக்கிறேன். ஆனால், தம்பி அண்ணனுடைய வலது கையை மணிக்கட்டோடு கடித்து விழுங்கிவிட்டான் என்றும், அதற்குத் தாத்தாதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்றும் ஒரு வழக்கு என் முன்னால் வந்து நின்றபோது சற்றே திகைத்துத்தான் போனேன்.

வழக்கு நடந்த இடம், சிகாகோவில் என் பெண்ணின் வீடு. குளிர்காலம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. மூன்று சாண் நீளம் இருக்கும். அதற்குள் சுண்டுவிரல் நீளத்தில் இரண்டு பிராணிகள். மீன் என்று சொல்லலாமென்றால் கால்கள் இருந்தன. பல்லி என்று சொல்லலாமென்றால் செதில் இல்லை. தலையின் இரு பக்கமும் மும்மூன்றாக, மயிலிறகின் நுனியைக் கத்தரித்து ஒட்டியதுபோல் செவுள்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. இரண்டுக்கும் வாய் காதுவரை நீண்டிருந்ததால் எப்போதும் புன்னகை புரிவதுபோல் ஒரு தோற்றம். கடையில் இவற்றுக்கு ஆக்ஸலாட்டல் என்று பெயர். என் மனைவிக்கு அந்தப் பெயர் நாக்கில் புரளவில்லை. பேரனுக்கு இராமாயணம் சொல்லிக்கொண்டிருந்த உற்சாகத்தில், கறுப்புக்கு ராமன் என்றும் வெள்ளைக்கு லட்சுமணன் என்றும் நாமகரணம் செய்துவிட்டாள்.

அந்த லட்சுமணன்தான் ராமனுடைய கையைத் தின்றுவிட்டான். தின்ற பிறகும் அதே புன்னகை.

"தாத்தா, லட்சுமணன் ரொம்பக் கெட்டவன். கடையிலேயே திருப்பிக் கொடுத்துடலாம்" என்றான் பேரன். கண்ணில் நீர் தளும்பி நின்றது. எட்டு வயசுப் பிள்ளைக்கு நியாயம் என்பது மிகவும் தெளிவான விஷயம். நமக்குத்தான் வயசாக வயசாகக் குழம்பிப் போகிறது.

"கொடுத்துடலாண்டா கண்ணா. ஆனா, தண்டனை கொடுக்கிறதுக்கு முன்னாலே குற்றவாளி யாரு, எந்த ஊரு, என்ன குலம் கோத்திரம்னு விசாரிக்கணுமே!" என்றேன். வாய்தா வாங்குவதற்காகச் சொன்ன வார்த்தைதான். ஆனால் விசாரிக்கத் தொடங்கியதும் விஷயம் என்னை இழுத்துக்கொண்டு போய், மெக்ஸிகோ தேசத்தில் ஒரு ஏரிக்கரையில் நிறுத்திவிட்டது.

மெக்ஸிகோ நகரம் இன்று இருக்கும் பள்ளத்தாக்கு, கடல் மட்டத்துக்கு 7,000 அடிக்கு மேலே இருக்கிறது. ஒரு காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் ஏரிகள். தெற்கே இருந்த சோச்சிமில்கோ, சால்கோ என்ற இரண்டு ஏரிகளிலும்தான் ஆக்ஸலாட்டல் வாழ்ந்தது. உலகத்தில் வேறெங்கும் அதற்குப் பூர்விகம் கிடையாது. உயரமான இடமாதலால் தண்ணீர் எப்போதும் குளிர்ந்தே இருக்கும். அஸ்டெக் மக்கள் 1325ல் டெக்ஸ்கோகோ ஏரியின் நடுவே ஒரு தீவில் தங்கள் தலைநகரத்தை அமைத்தார்கள். ஏரிச் சேற்றையும் நாணலையும் அள்ளிப் போட்டு நீருக்குள்ளேயே மேட்டுப் பாத்திகள் கட்டி, சோளமும் பூவும் பயிரிட்டார்கள். பாத்திகளுக்கு இடையே வாய்க்கால்கள், வாய்க்கால்களில் ஓடம், ஓடத்துக்கு அடியில் ஆக்ஸலாட்டல். பிடித்துச் சமைத்துச் சாப்பிடவும் செய்தார்கள். தெய்வமாக மதித்ததைத் தின்பதில் அவர்களுக்கு ஆட்சேபம் இருக்கவில்லை.

தெய்வமா என்று வாசகர்கள் கேட்கலாம். ஆம். அந்தக் கதையை ஸஹகூன் என்ற ஸ்பானியப் பாதிரியார், பதினாறாம் நூற்றாண்டில் அஸ்டெக் முதியவர்களிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறார். ஐந்தாவது சூரியன் உதித்து, நகராமல் வானத்தில் நின்றுவிட்டானாம். தேவர்கள் எல்லாரும் உயிரைப் பலி கொடுத்தால்தான் அவன் நகர்வான் என்று தீர்மானமாயிற்று. எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள், ஷோலாட்டல் என்ற ஒரு தேவனைத் தவிர. அவன் அழுது, கண் வீங்கி, ஓட்டம் பிடித்தான். சோளக் கொல்லையில் புகுந்து இரட்டைத் தண்டுள்ள சோளப் பயிரானான். கண்டுபிடித்துவிட்டார்கள். கற்றாழைத் தோட்டத்தில் புகுந்து இரட்டைக் கற்றாழையானான். அங்கும் கண்டுபிடித்துவிட்டார்கள். கடைசியில் தண்ணீரில் குதித்து ஆக்ஸலாட்டலாக மாறினான். அங்கே பிடித்துக் கொன்றுவிட்டார்கள். அஸ்டெக் மொழியில் தண்ணீருக்கு உரிய சொல்லும் இவன் பெயரும் சேர்ந்ததுதான் ஆக்ஸலாட்டல் என்ற பெயர். இந்த ஷோலாட்டல் யாருக்கு அதிதேவதை தெரியுமா? இரட்டைப் பிள்ளைகளுக்கும், அங்கஹீனர்களுக்கும்! எங்கள் தொட்டியில் இருந்த இரண்டு பேருக்கும் இதைவிடப் பொருத்தமான குலதெய்வம் கிடைக்குமா?

1521ல் ஸ்பானியர்கள் அந்தத் தலைநகரத்தைப் பிடித்தார்கள். வெள்ளத்துக்குப் பயந்து ஏரிகளை வடிக்கத் தொடங்கினார்கள். 1607ல் ஆரம்பித்த அந்த வேலை பரம்பரை பரம்பரையாக நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சால்கோ ஏரியையும் வற்றடித்து வயலாக்கிவிட்டார்கள். அதோடு இந்தப் பிராணியின் சொத்தில் பாதி போயிற்று.

இதற்கிடையில் ஐரோப்பாவின் பண்டிதர்களுக்கு இது ஒரு பெரிய தலைவலியாகிவிட்டிருந்தது. ஹம்போல்ட் என்ற ஜெர்மானிய யாத்திரிகர், 1804ல் அமெரிக்கக் கண்டத்திலிருந்து திரும்பியபோது சாராயத்தில் ஊறவைத்த இரண்டு ஆக்ஸலாட்டல்களைப் பாரிஸுக்குக் கொண்டுவந்து, குவியே என்ற மகா பண்டிதரிடம் கொடுத்தார். ஒரு எலும்பைக் காட்டினால் முழு மிருகத்தையும் சொல்லிவிடுவார் என்று பெயர் வாங்கியவர் குவியே. இது வளர்ந்த பிராணியே அல்ல, ஏதோ ஒரு பெரிய ஸாலமாண்டரின் குஞ்சு என்று அவர் அபிப்பிராயப்பட்டார். தலைப்பிரட்டை எப்படித் தவளையின் குழந்தையோ, அப்படி. ஆனால் அந்தத் தாயை யாரும் கண்டதில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே வாயாக "இது இப்படியேதான் இருக்கிறது, வேறாக மாறுவதில்லை" என்று சாட்சி சொல்லவே, குவியே தம் புத்தகத்தில் அதை என்றும் செவுளோடு வாழும் பிராணிகளின் வரிசையில், அரை மனத்துடன் வைத்தார். 1832ல் காலமாகிவிட்டார்.

உயிரோடு ஆக்ஸலாட்டல் ஐரோப்பாவுக்கு வந்தது ஒரு யுத்தத்தின் உபயத்தால். மூன்றாம் நெப்போலியன் மெக்ஸிகோவின்மீது படையெடுத்து, 1863 ஜூனில் அதன் தலைநகரத்தைப் பிடித்தான். மாக்ஸிமிலியன் என்ற ஆஸ்திரிய ராஜகுமாரனை அங்கே சக்கரவர்த்தியாக உட்காரவைத்தான். பாவம், அந்த மனுஷனை மெக்ஸிகோக்காரர்கள் 1867ல் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அந்தப் படையெடுப்பில் பிரெஞ்சுக்காரர்களுக்கு நிலைத்த லாபம் என்று ஏதாவது உண்டென்றால், அது கப்பலேறிப் பாரிஸ் வந்து சேர்ந்த 34 ஆக்ஸலாட்டல்கள்தான். அவற்றில் ஒன்று வெள்ளை. பாரிஸில் பூலோன் வனத்தில் ஒரு தோட்டம் இருந்தது. அந்நிய தேசத்துப் பிராணிகளையும் பயிர்களையும் பிரெஞ்சு மண்ணில் பழக்குவதற்கென்று 1860ல் திறந்தது. அங்கே இவை வந்து இறங்கின. அவற்றில் ஆறு, 1864ல் பாரிஸ் இயற்கை வரலாற்றுக் காட்சிசாலையின் பேராசிரியர் ஓகுஸ்த் துமேரிலின் கைக்கு வந்தன. ஐந்து ஆண், ஒரு பெண்.

அடுத்த வருஷம் ஜனவரியில் அந்தப் பெண் முட்டையிட்டது. சில வாரம் கழித்து மறுபடியும் இட்டது. குஞ்சுகள் வளர்ந்தன. அந்த வருஷம் செப்டம்பரில் துமேரில் தொட்டியை எட்டிப் பார்த்தபோது திடுக்கிட்டிருக்க வேண்டும். சில பிள்ளைகளுக்குச் செவுள் சுருங்கிப் போயிருந்தது. முதுகின் துடுப்பு மறைந்திருந்தது. உடம்பில் மஞ்சள் புள்ளிகள். பெற்றோர்கள் பழையபடி தண்ணீரில் செவுளை ஆட்டிக்கொண்டு மிதக்க, பிள்ளைகள் ஸாலமாண்டராக மாறித் தரையேறும் லட்சணத்தில் இருந்தன! பாட்டன் முப்பாட்டன் காலத்தில் எப்போதோ விட்டுப்போன வைதிகத்தைப் பேரன் திடீரென்று கைக்கொண்டால் வீட்டில் எவ்வளவு குழப்பம் நேருமோ, அவ்வளவு குழப்பம் ஐரோப்பிய விஞ்ஞான உலகில் நேர்ந்தது. குவியே சொன்னது சரி. சாட்சிகள் சொன்னதும் சரி. ஆக்ஸலாட்டல் என்பது பால்யத்திலேயே நின்றுவிட்டு, பாலனாகவே கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளையும் பெற்றுவிடுகிற பிராணி. 1913ல் பிராகா நகரத்து லாவுஃபெர்கர் என்பவரும், 1920ல் இங்கிலாந்தில் ஜூலியன் ஹக்ஸ்லியும் தைராய்டுச் சுரப்பியை ஊட்டி, நினைத்தபோதே அதைத் தரையேறச் செய்துவிட்டார்கள்.

அந்த நீண்ட கதையில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் ஒரு பெண்மணி. மாரி ஃபான் ஷாவின் என்று பெயர். ஜெர்மனியில் ஃப்ரைபூர்க் நகரத்தில், வைஸ்மான் என்ற பெரிய விஞ்ஞானியின் வேண்டுகோளுக்காக ஆக்ஸலாட்டல் குஞ்சுகளை வளர்த்தார். 1874 ஜூன் 12 அன்று அவர் பரிசோதனையைத் தொடங்கியபோது குஞ்சுகளுக்கு வயது எட்டு நாள். வந்தவை பன்னிரண்டு, மிஞ்சியவை ஐந்து. அந்த ஐந்தையும் ஒரு அடி குறுக்களவுள்ள கண்ணாடிக் கோளத்தில் விட்டு, ஒரு பச்சைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டார். தண்ணீரின் சூட்டைக் கவனித்தார். நீர்த்தெள்ளு என்கிற கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பூச்சிகளை ஏராளமாக உள்ளே விட்டு, பசி என்பதே தெரியாமல் வைத்தார். இந்தக் குஞ்சுகளின் இளம் பிராயத்தில் தண்ணீரும் வெப்பமும் ஆகாரமும்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன, எவ்வளவு ஜாக்கிரதையும் போதாது என்பது அவருடைய அனுபவம். அவர் செய்த காரியம், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து அவற்றைத் தரைக்குப் பழக்கியது. விஞ்ஞானப் புத்தகங்கள் அதைத்தான் புகழ்கின்றன. எனக்கோ, ஐந்து சகோதரர்களை ஒரே கோளத்தில் வைத்துக் காப்பாற்றிய சாமர்த்தியம்தான் பெரிதாகத் தெரிகிறது. எங்கள் வீட்டில் இரண்டு பேரை வைத்துக் காப்பாற்ற முடியவில்லையே!

இனி வழக்குக்கு வருகிறேன். கடிப்பதற்குக் காரணம் என்ன?

ஒரு தாய் ஒரு முறைக்கு நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. குஞ்சுக்கு முதலில் கால் இல்லை. அசைகிறதைத் தின்பது என்ற ஒரே ஒரு சட்டம்தான் அதற்குத் தெரியும். கண் பார்வை மந்தம். தண்ணீரின் அதிர்வை உடம்பால் உணர்ந்து, சட்டென்று வாயைத் திறக்கும். திறந்த வாய்க்குள் தண்ணீரோடு போவதெல்லாம் ஆகாரம். இரண்டு மூன்று வாரத்தில் முன்கால்கள் முளைக்கின்றன. முளைத்த கால் அசைகிறது. பக்கத்தில் இருக்கிறவனுக்கு அது தம்பியின் கை என்று தெரியாது. ஒரு புழு நெளிகிறது என்றுதான் தெரியும். முன்கால் முளைத்தது முதல் இரண்டு மூன்று அங்குல நீளம் வளரும் வரையில் இந்த ஆபத்து உச்சத்தில் இருக்கிறது. ஒன்று கொஞ்சம் வேகமாக வளர்ந்து பெரிதாகிவிட்டால் போச்சு. சின்னவனை முழுசாகவே விழுங்கிவிடும். தண்ணீர் சூடானால் பசி அதிகம். இடம் குறுகினால் மோதல் அதிகம். வேளை தவறினால் கடி அதிகம். கோபமோ பொறாமையோ இதில் எங்கும் இல்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்களே, அதுதான் விஷயம்.

ஏரியில் இந்தச் சங்கடம் அவ்வளவு தீவிரமாக இராது. கடிபட்டவன் ஒரு துள்ளுத் துள்ளினால் நாணலுக்குள் மறைந்துவிடலாம். தொட்டியில் எங்கே போவான்? நான்கு பக்கமும் கண்ணாடி. சண்டையைப் பிராணி கொண்டுவருகிறது என்றால், சண்டைக்களத்தை நாம் கட்டிக் கொடுக்கிறோம்.

பங்காளிகளில் இன்னொரு கிளையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் புலி ஸாலமாண்டர் என்று ஒரு நெருங்கிய உறவு உண்டு. அரிஸோனா மாகாணத்துக் குட்டைகளில் அவற்றின் குஞ்சுகள் நெருக்கியடித்துக்கொண்டு வளரும்போது, சிலவற்றுக்கு மட்டும் தலை அகன்று, பல் பெருத்து, தம் இனத்தையே தின்னும் உருவம் வந்துவிடுகிறது. 1993ல் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, உடன்பிறப்புகளோடு மட்டும் வளர்ந்தவற்றில் அப்படி ஆவது குறைவு. அந்நியர்களோடு கலந்து வளர்ந்தவற்றில் அதிகம். தின்கிறதுகூட அந்நியனைப் பார்த்துத் தின்கிறதாம். பங்காளிக்கும் அயலானுக்கும் வித்தியாசம் பார்க்கிற அந்த நாகரிகம் எங்கள் லட்சுமணனுக்கு வாய்க்கவில்லை.

பசியின் விஷயத்தில் மனிதனும் ரொம்ப உயர்த்தி பேசிக்கொள்ள முடியாது. துமேரில் 1870 நவம்பரில் பாரிஸில் இறந்துபோனார். அப்போது ஜெர்மன் சைனியம் அந்த நகரத்தை முற்றுகையிட்டிருந்தது. ரொட்டி இல்லை. மாமிசம் இல்லை. குதிரை தீர்ந்தது, நாயும் பூனையும் கசாப்புக் கடைக்கு வந்தன. டிசம்பர் கடைசியில், குழந்தைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு உலவிய காஸ்டர், போலக்ஸ் என்ற இரண்டு யானைகளைச் சுட்டுக் கறியாக விற்றார்கள். காஸ்டரும் போலக்ஸும் கிரேக்கர்களின் இரட்டைச் சகோதரர்கள். நம்முடைய புனர்பூச நட்சத்திரத்துக்கு அவர்கள் தேசத்தில் அந்தப் பெயர்தான். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பது பாரிஸ் நகரத்துக்கும் பொருந்தும்.

துமேரில் இறந்தாலும் அவருடைய பிராணிகள் அதற்குள் ஐரோப்பா முழுவதும் பரவிவிட்டன. அவர் தாராளமாகக் கொடுத்தார். பல்கலைக்கழகங்கள் வாங்கின; வீட்டில் தொட்டி வைத்துப் பொழுதுபோக்குகிறவர்களும் வாங்கினார்கள். அங்கிருந்து அமெரிக்கா. ஹம்ப்ரி என்ற விஞ்ஞானி பஃபலோ நகரத்தில் வளர்த்துக்கொண்டிருந்த கூட்டத்தை 1957ல் இண்டியானா பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார். 2005ல் அந்தக் குடும்பம் கென்டக்கி மாகாணத்தில் லெக்ஸிங்டன் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. இத்தனை பேர் இத்தனை அக்கறையோடு வளர்ப்பதற்குக் காரணம் அதன் புன்னகை அல்ல. வெட்டிய கை அதற்கு மறுபடியும் முளைக்கிறது! எலும்பு, தசை, நரம்பு, விரல் எல்லாம் ஒழுங்காக முளைக்கிறது. சின்னக் குஞ்சுக்கு ஒன்றரை இரண்டு மாதம் போதும். 2018ல் அதன் மரபுச் சரித்திரத்தை முழுவதும் எழுத்தெழுத்தாகப் படித்தார்கள். 3,200 கோடி எழுத்துக்கள், மனிதனுடையதைப்போல் பத்து மடங்கு.

"அப்போ ராமனுக்குக் கை வந்துடுமா, தாத்தா?" என்று பேரன் கேட்டான்.

வந்துவிடும் என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் லெக்ஸிங்டன்காரர்கள் 2014ல் ஒரு கணக்கு வெளியிட்டிருக்கிறார்கள். அதைப் படித்தபின் அவ்வளவு சுலபமாகச் சொல்ல மனம் வரவில்லை. அங்கே குஞ்சுகளை முதலில் கூட்டமாக வளர்த்து, பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்துத் தனித்தனியே வைக்கிறார்கள். பிரிக்கும் சமயத்தில் பார்த்தால் நூற்றுக்கு எண்பதின் உடம்பில் கடித்த அடையாளம் இருந்தது. வளர்ந்த பிராணிகள் 717ஐ எடுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய பாதிக்குக் கை கால்களில் ஏதோ ஒரு கோணல். ஒன்றுக்கு விரல் கூட, ஒன்றுக்குக் குறைவு, ஒன்றுக்கு இரண்டு விரல் ஒட்டிப் போயிருந்தது, இன்னொன்றுக்கு விரல் இருக்கக்கூடாத இடத்தில் விரல். பிறவிக் கோளாறோ என்று சந்தேகித்து, ஆயுதத்தால் நேராக வெட்டிப் பார்த்தார்கள். அப்போது சரியான கைதான் முளைத்தது. ஆகவே கோணலுக்குக் காரணம் கடிதான். கத்தி வெட்டினால் பழையபடி வருகிறது. கூடப் பிறந்தவன் கடித்துக் குதறினால் பழையபடி வருவதில்லை. கடிபட்ட குஞ்சுகளில் நூற்றுக்கு 43தான் நான்கு கால்களும் ஒழுங்காக உள்ள பிராணியாக வளரும் என்பது அவர்கள் போட்ட மதிப்பு.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் கிராமத்தில் ஒரு குடும்பத்தின் ஞாபகம் வந்தது. அது கிடக்கட்டும்.

சோச்சிமில்கோவில் இன்று நிலைமை என்ன என்றும் பார்த்தேன். ஏரி சுருங்கி வாய்க்கால்களாகிவிட்டது. அவற்றில் நகரத்தின் கழிவு நீர். ஜனங்களுக்கு உணவாகட்டும் என்று நல்ல எண்ணத்தோடு விட்ட கெண்டை மீனும் திலேப்பியா மீனும் பெருகி, ஆக்ஸலாட்டலின் முட்டையையும் குஞ்சையும் தின்றன. 1998ல் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 6,000 இருந்த இடத்தில், 2014ல் கணக்கெடுத்தபோது 36. மெக்ஸிகோ சர்க்கார் 2021ல் ஐம்பது பெஸோ நோட்டில் அதன் படத்தைப் போட்டது. உலகமெங்கும் தொட்டிகளில் ஒன்றையொன்று கடிக்கும்படி நெருக்கம். சொந்த ஊரில் கடிப்பதற்குக்கூடப் பக்கத்தில் ஆள் இல்லை. துமேரிலின் ஆறு பிராணிகளும் கப்பலேறாமல் இருந்திருந்தால் என்று யோசித்துப் பார்த்தேன். லாபமா நஷ்டமா என்று என்னால் முடிவு கட்ட முடியவில்லை.

தீர்ப்பு நாள் வந்தது. லட்சுமணன் நிரபராதி என்று நான் சொன்னதும் பேரனுக்கு மிகவும் ஏமாற்றம். "பின்னே யார் தாத்தா குற்றவாளி?" என்றான். நேற்று ராத்திரி ஆகாரம் போட மறந்தது யார் என்று கேட்டேன். அவன் தன் அம்மாவைப் பார்த்தான். அவள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். மாப்பிள்ளை ஜன்னல் வழியே பனியைப் பார்த்தார்.

பிறகு எல்லாருமாகச் சேர்ந்து வேலை செய்தோம். தொட்டியின் நடுவில் தண்ணீர் போய்வரும்படி சல்லடைத் தடுப்பு ஒன்றைச் செருகி, ஒரு பக்கம் ராமன், ஒரு பக்கம் லட்சுமணன் என்று பிரித்துவிட்டோம். கையில்லாத ராமனை அமைதியான, பாசி நிறைந்த பக்கத்தில் விட்டோம். ஆளுக்கொரு மண் குழாயை ஒளிந்துகொள்ளப் போட்டோம். வெப்பம் 16, 17 டிகிரிக்குமேல் போகாமல் பார்த்துக்கொள்வதற்காக, தொட்டியைக் கணப்புப் பக்கத்திலிருந்து ஜன்னலோரமாக நகர்த்தினோம். புழுவை இடுக்கியில் எடுத்துத் தனித்தனியே, வேளை தவறாமல் கொடுக்கும் பொறுப்பைப் பேரனிடம் ஒப்படைத்தோம். சுவரில் ஒரு காகிதம் ஒட்டி, ஆகாரம் போட்ட நேரத்தை அவனே எழுத வேண்டும் என்று ஏற்பாடு.

என் மனைவி மட்டும் கொஞ்ச நேரம் தடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணாப் பொறந்த குழந்தைகளைச் சின்ன வயசிலேயே பிரிச்சு வெச்சுட்டேளே" என்றாள்.

"சல்லடைதானே, ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கலாம்" என்றேன்.

நாங்கள் ஊருக்குத் திரும்பி இரண்டு மாதம் கழித்துப் பெண் எழுதியிருந்தாள். ராமனுக்குக் கை முளைத்துவிட்டதாம். ஆக்ஸலாட்டலுக்கு முன்கையில் நான்கு விரல்தான் உண்டு. இவனுக்கு ஐந்து முளைத்திருக்கிறது. ஐந்தாவது கொஞ்சம் சாய்ந்து நிற்கிறதாம். பேரனுக்குப் பெருமை பிடிபடவில்லை, பள்ளிக்கூடம் முழுவதும் சொல்லிவிட்டான், ராமனுக்கு மனுஷக் கை வந்துவிட்டது என்று. லட்சுமணன் சௌக்கியம். தம்பியானாலும் இப்போது அண்ணனைவிட அரை அங்குலம் நீளம்.

கடிதத்தின் அடியில் பேரன் தன் கையாலேயே இரண்டு வரி சேர்த்திருந்தான். தடுப்பை எப்போது எடுக்கலாம் தாத்தா என்று கேட்டிருந்தான். இரண்டு பேரும் ஒரே உயரம் ஆனபிறகு பார்த்துக்கொள்ளலாம், அதுவரையில் புழுவை ஒழுங்காகப் போடு என்று பதில் எழுதியிருக்கிறேன்.